பதினோராம் மாடிக்குக் கொடுத்த வார்த்தை

லிஃப்ட் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் போன் எடுப்பது என் வேலை. அடையாள அட்டையில் வேறு ஏதோ நீளமாக எழுதியிருக்கும். அதைப் படித்து முடிப்பதற்குள் இரண்டு அழைப்பு வந்துவிடும். பினாங்கில் எங்காவது ஓர் அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவரும் வெளியே காத்துக்கிடப்பவரும் முதலில் கேட்பது என் குரலைத்தான். அந்தக் குரலில் நான் சொல்லும் முதல் வாக்கியம், "கவலப்படாதீங்க, ஆள் வழியில இருக்காங்க."

அது பொய் என்று சொல்லிவிட முடியாது. மனிதர்கள் எல்லாருமே எந்நேரமும் ஏதோ ஒரு வழியில்தான் இருக்கிறார்கள். எங்கள் ஆள் பட்டர்வொர்த்தில் வேறொரு லிஃப்டின் வழியில் இருப்பார், அல்லது சாப்பாட்டுக் கடையின் வழியில் இருப்பார். அழைத்தவரின் வழியில் இருக்கிறார் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவர்களாகவே அப்படி எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் அலுவலகம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால், பழைய கடைவீடு ஒன்றின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. அங்கே லிஃப்ட் கிடையாது. நேரில் வந்து சண்டைபோட நினைப்பவர்கள் செங்குத்தான மரப்படியில் ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். பாதிக் கோபம் படியிலேயே போய்விடும். மீதிப் பாதிக்கு நான் குளிர்ந்த தண்ணீர் கொடுப்பேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெலுத்தோங்கிலிருந்து ஒருவர் கூப்பிட்டு எப்போது ஆள் வரும் என்று கேட்டார். சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்து, நாளை மறுநாள் மதியம் என்றேன். மேனேஜர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். கோபப்படவில்லை. அவர் கோபப்படும் மனிதரே இல்லை.

"நாளை மறுநாள்னு சொன்னா கஸ்டமர் மனசு என்ன ஆகும்மா? 'இன்னைக்கே ட்ரை பண்றோம்'னு சொல்லு. நம்பிக்கை குடுக்கணும்லா. நம்ம விக்கிறதே நம்பிக்கைதான்."

"ஆனா இன்னைக்கு ஆள் இல்லயே பாஸ்?"

"ஆள் இல்லேன்னுதானே நம்பிக்கை குடுக்கச் சொல்றேன்."

கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள் நான், சீக்கிரம் கற்றுக்கொண்டேன். 'இப்ப வந்துருவாங்க' என்றால் இன்று மாலை. 'இன்னைக்குக் கண்டிப்பா' என்றால் நாளை. 'நாளைக்கு முதல் வேலையா உங்களோடதுதான்' என்றால் அந்த வாரத்துக்குள் எப்போதாவது. அதற்கு மேலும் தாமதமாகும் என்று தெரிந்தால் நான் நேரமே சொல்ல மாட்டேன். அவர்களுடைய பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பேன். பேசி முடிப்பதற்குள் எதற்காகக் கூப்பிட்டோம் என்பது சிலருக்கு மறந்தே போகும்.

ஆண்டுக்கு இரண்டு முறை எங்கள் கம்பெனியில் 'மதிப்புமிக்க ஊழியர்' கேடயம் கொடுப்பார்கள். ஒன்பது ஆண்டுகளில் நான் அதை மூன்று முறை வாங்கினேன். நான் எடுத்த அழைப்புகளில்தான் புகார் குறைவாம். மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்து அலுத்துப்போய் விட்டுவிட்டவர்களெல்லாம் 'திருப்தி அடைந்தவர்கள்' என்ற பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள் என்பது எனக்கு இரண்டாவது கேடயத்தின்போதே தெரியும். ஆனாலும் மூன்றாவதை வாங்கும்போது நன்றாகச் சிரித்துத்தான் படம் எடுத்துக்கொண்டேன். அந்தப் படம் தண்ணீர் மெஷினுக்கு மேலே மாட்டியிருந்தது.

அந்தக் கேடயத்தை ஒருமுறைகூட வாங்காதவர் எங்கள் மூத்த மெக்கானிக். ஐம்பதைத் தாண்டியவர், நாங்கள் எல்லாரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். எப்போது சரியாகும் என்று யார் கேட்டாலும், "பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்" என்பார். பார்த்த பிறகு கேட்டால், "தொறந்துட்டுத்தான் சொல்ல முடியும்." திறந்த பிறகு சில சமயம், "இது எனக்குத் தெரியல, கேட்டுட்டு வரேன்" என்பார். வாடிக்கையாளர் முன்னால் ஒரு மெக்கானிக் சொல்லக்கூடிய வார்த்தையா அது? அவர் கைவைத்த லிஃப்ட் அடுத்த ஒரு வருஷத்துக்கு நிற்காது. ஆனால் வருடாந்திர மதிப்பீட்டில் 'வாடிக்கையாளருக்கு நம்பிக்கையூட்டுதல்' என்ற கட்டத்தில் அவருக்கு எப்போதும் ஐந்துக்கு ஒன்றுதான்.

மேனேஜரை நான் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நல்ல மனிதர். யாரையும் அதட்ட மாட்டார், தீபாவளிக்கு எல்லார் வீட்டுக்கும் முறுக்கு அனுப்புவார். திங்கட்கிழமை கூட்டத்தில் 'கமிட்மெண்ட்' என்பதைப் பற்றிக் கண்கலங்கப் பேசுவார். தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பார். பதினான்கு வருஷமாக ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. காய்ச்சலோடு ஏறியிருக்கிறார், மழையில் ஏறியிருக்கிறார். முருகனுக்குக் கொடுத்த வார்த்தையில் ஐந்து நிமிடம்கூடத் தாமதம் கிடையாது. விரத நாட்களில் கறி மீன் இல்லை, செருப்பு இல்லை, கோபம் இல்லை, பொய் இல்லை. மதிய வேளையில் கீழ்த்தெருவிலிருந்து நாசி கண்டார் சோற்றுக்கடையின் கறிக்குழம்பு வாசனை மேலே வரும்போது ஜன்னலைச் சாத்திவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

அந்த விரத நாட்களில்தான் பதினோராம் மாடி அம்மா கூப்பிட்டார்.

சுங்கை பினாங்கில் ஒரு பழைய பிளாட். சனிக்கிழமை காலையில் லிஃப்ட் நின்றுவிட்டது. அந்தப் பக்கத்துக்கு அந்த ஒரு லிஃப்ட்தான். வழக்கம்போலச் சொன்னேன். மறுபடியும் கூப்பிட்டார், மறுபடியும் சொன்னேன். திங்கட்கிழமை பிற்பகல் அவர் கூப்பிட்டபோது நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "ஒரு நிமிஷம் இருங்க தங்கச்சி, நான் படிக்கிறேன்" என்றார். தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"சனிக்கெழமை பதினொண்ணு பத்துக்கு நீங்க சொன்னது, 'ஆள் வழியில இருக்காங்க.' பன்னண்டரைக்கு, 'ஜாம்ல மாட்டிக்கிட்டாங்க, இப்ப வந்துருவாங்க.' அதுக்கப்புறம் யாரும் போன் எடுக்கல. இன்னைக்குக் காலையில எட்டு அம்பதுக்கு, 'இன்னைக்குக் கண்டிப்பா.' இப்ப மணி மூணு. நான் எழுதுனது சரிதானா, கேட்டுக்கிறேன்."

"எதுக்கும்மா இதெல்லாம் எழுதுறீங்க?"

"எங்க வீட்டுக்காரருக்கு டாக்டர் சொல்றத எழுதி எழுதி அப்படியே பழகிப்போச்சு. யாரு என்ன சொன்னாலும் எழுதிருவேன். திட்டுறதுக்கு இல்ல, மறந்துறக் கூடாதுன்னுதான்."

அவர் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். திட்டுபவர்களைச் சமாளிக்க நூறு வழி தெரியும். நான் சொன்னதை எனக்கே படித்துக் காட்டுபவரை என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை. அன்றைய அட்டவணையில் கோடு போட்டு, அண்ணனை அந்த பிளாட்டுக்குத் திருப்பிவிட்டேன்.

மாலையில் அண்ணன் போன் செய்தார். கண்ட்ரோல் போர்டு எரிந்துவிட்டது, புதுசு போட்டால்தான் ஓடும் என்றார். எங்கள் அலுவலகத்துக்குக் கீழேயே ஸ்டோர் இருக்கிறது. அதே மாதிரி போர்டு ஒன்று அங்கே அலமாரியில் இருந்தது. ஆனால் அதன்மேல் 'எடுக்கக் கூடாது' என்று காகிதம் ஒட்டியிருந்தது. கடற்கரைப் பக்கத்து ஹோட்டல் ஒன்றுக்காக ஒதுக்கிவைத்தது அது. அந்த ஹோட்டல் லிஃப்ட் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. என்றைக்காவது நின்றால் உடனே மாற்ற வேண்டும் என்பதற்காக போர்டு காத்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அந்த அம்மா மறுபடியும் கூப்பிட்டார்.

"நேத்து உங்க ஆள் வந்தாரு. போர்டு எரிஞ்சுபோச்சு, எப்ப வரும்னு தெரியாதுன்னு சொன்னாரு. உங்க கம்பெனியிலேருந்து எனக்குக் கெடச்ச மொத உண்மை அதான். அதையும் எழுதிக்கிட்டேன்."

"சீக்கிரம் முடிக்கப் பாக்குறோம்மா."

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு எங்க வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். வாரத்துல மூணு நாளு. சக்கரை நோயில ஒரு காலு எடுத்தாச்சு. போன தடவ பக்கத்து வீட்டு ஆளுங்க ரெண்டு பேரு தூக்கிட்டுப் போனாங்க. ஒருத்தருக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு, இன்னொருத்தருக்கு நாளையிலேருந்து காலை ஷிப்ட். நாளைக்கு எனக்கு ஆள் இல்ல."

"ட்ரை பண்றோம்மா…"

"ட்ரை எழுதி எழுதி பக்கம் தீந்துருச்சு தங்கச்சி. கம்பெனி சொல்றது வேணாம். நீங்க சொல்லுங்க. நாளைக்குக் காலையில அவரு கீழ எறங்குவாரா, மாட்டாரா?"

அந்த நேரத்தில் என் மனசாட்சி விழித்துக்கொண்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது அதுவல்ல. ஒன்பது வருஷமாகப் பழகிய நாக்கு தானாகப் பேசியது.

"எறங்குவாரும்மா. நான் சொல்றேன்."

மறுபக்கம் பேனா ஓடும் சத்தம். "'நான் சொல்றேன்'. எழுதிக்கிட்டேன். உங்க பேரு என்னா?"

பெயரைச் சொன்னேன். ஒன்பது ஆண்டுகளில் ஒருவர்கூட என் பெயரைக் கேட்டதில்லை. அவர் அதை மெதுவாக, எழுத்துக் கூட்டி எழுதினார். போனை வைத்த பிறகுதான் பயம் வந்தது. யாரோ ஒருவருடைய நோட்டுப் புத்தகத்தில், என் பெயருக்கு நேராக, நான் செய்தே ஆக வேண்டிய ஒரு காரியம் எழுதியிருக்கிறது. கேடயத்தில் பெயர் பொறித்தபோது இந்தப் பயம் வரவில்லை.

மேனேஜர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். ஸ்டோரில் இருக்கும் போர்டைக் கொடுத்தால் இன்றைக்கே மாட்டிவிடலாம் என்றேன்.

"அது ஹோட்டலுக்குன்னு வெச்சது. நானே அந்த இஞ்சினியர்கிட்ட நேர்ல வாக்கு குடுத்திருக்கேன். வார்த்தைன்னா வார்த்தைதான்மா."

"நானும் ஒரு வார்த்தை குடுத்துட்டேன் பாஸ்."

"நீ குடுத்தது எழுத்துல இருக்கா?"

"இருக்கு. அந்தம்மா நோட்டுல."

அவர் சிரித்தார். "வெள்ளிக்கெழமை ஆயிரும்னு சொல்லிரு."

"வெள்ளிக்கெழமையும் வராது பாஸ். ஆர்டரே இன்னும் போடல. நீங்களே பேசுறீங்களா? மேனேஜர் பேசுனா கேப்பாங்க."

"நான் விரதத்துல இருக்கேன்லமா," என்றார், எனக்கு இதுகூடவா தெரியவில்லை என்பதுபோல. "பொய் சொல்லக்கூடாது. நீ சொல்லிரு."

அவர் விளையாடவில்லை. விரத நாட்களில் சிலர் கறி வெட்டும் வேலையை வீட்டில் மற்றவர்களிடம் விடுவதுபோல, இவர் இதை என்னிடம் விட்டார். யோசித்துப் பார்த்தால், அந்த நாற்பத்தெட்டு நாளும் கம்பெனியின் பொய் முழுவதும் என் மேஜையிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. முந்தின வருஷமும் அப்படித்தான். நான் கேடயம் வாங்கியவை எல்லாம் தைப்பூசத்தை ஒட்டிய அரையாண்டுகள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மதியம் அண்ணனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

"போர்டு இல்லாம லிஃப்ட எறக்க முடியாது," என்றார். "ஆள எறக்கலாம்."

"எப்படிண்ணே?"

"தூக்கித்தான். நல்ல நாற்காலி ஒண்ணு இருக்கு, வாரு போட்டுக் கட்டிக்கலாம். மூணு பேரு வேணும். நான் ஒண்ணு, நீ ஒண்ணு."

"நானா?"

"வார்த்தை குடுத்தது நீதானேம்மா."

மூன்றாவது ஆளுக்கு யார் யாரையோ கேட்டேன். எல்லாரும் "ஓகே லா, பாக்கலாம் லா" என்றார்கள். எங்கள் அலுவலகத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

ஐந்து மணிக்கு மேனேஜர் கிளம்பினார். காதில் போனை வைத்துக்கொண்டு வெறுங்காலோடு படியில் இறங்கிக்கொண்டிருந்தார். நான் பின்னாலேயே போனேன்.

"பாஸ், நாளைக்குக் காலையில அஞ்சே முக்காலுக்கு சுங்கை பினாங்கு சைட்டுக்கு வரீங்களா? அந்த லிஃப்ட் விஷயம்."

"ஓகே ஓகே, வரேன்மா," என்று கையை ஆட்டினார். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வார். கல்யாண அழைப்பிதழ் கொடுப்பவருக்கு, கடன் அட்டை விற்பவருக்கு, என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது எனக்கு.

நான் கைப்பிடியில் சாய்ந்து, "விரதத்துல இருக்கீங்க பாஸ்," என்றேன்.

நாலாவது படியில் அவர் கால் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது? வழக்கமாக வரும் பேருந்து திடீரென்று தன்னை இடிக்க வருவதைப் பார்த்தவர்போல இருந்தார். இறங்கிப் போனார். ஒரு மனிதரின் பக்தியை இப்படிப் பிடித்து இழுத்தது தப்பு என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தோன்றிக்கொண்டே இருந்தது. ஆனாலும் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லவில்லை.

வந்துவிட்டார். மறுநாள் காலை ஐந்து ஐம்பதுக்கு, மஞ்சள் சட்டை, கழுத்தில் மாலை, நெற்றி நிறைய திருநீறு. பிளாட்டின் கீழே அப்போதுதான் ரொட்டிச்சானாய்க் கடையைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

"மீட்டிங் எங்க?" என்றார்.

"பதினோராம் மாடியில பாஸ்."

அவர் கை தன்னிச்சையாக லிஃப்ட் பொத்தானை அழுத்தியது. விளக்கு எரியவில்லை.

"அதுக்குத்தானே பாஸ் வந்திருக்கோம்," என்றார் அண்ணன், தோளில் நாற்காலியோடு.

ஏறினோம். நாலாம் மாடி வரை மேனேஜர் பேசிக்கொண்டே வந்தார். ஏழாம் மாடியில் யாரோ காயப்போட்டிருந்த கைலிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். "தண்ணிமலையில ஐநூறு படிக்கு மேல ஏறுறேன். அங்க இப்படி வாங்கலயே," என்றார். அங்கே கூட வருபவர்கள் 'வேல் வேல்' என்று சொல்லிக்கொண்டு வருவார்கள் என்றேன். சொல்லவா என்று அண்ணன் கேட்டார். மேனேஜர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

கதவைத் திறந்த அம்மா குள்ளமாக, மெலிந்து இருந்தார். கக்கத்தில் நோட்டு. நான் பெயரைச் சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்து, "குரல வெச்சு இன்னும் ஒயரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்," என்றார். அவர் கணவர் வேட்டி சட்டையில், தலை சீவி, தயாராக உட்கார்ந்திருந்தார். நாங்கள் வருவோம் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள் என்பது எனக்கு என்னவோ செய்தது. நானாக இருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அந்த ஐயா துறைமுகத்தில் முப்பது வருஷம் மூட்டை தூக்கியவர். தூக்குவதைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு எங்கள் மூவருக்கும் சேர்த்துத் தெரியாது.

"எஞ்சினியர் தம்பி, முதுக வளைக்காத, முட்டிய மடக்கு," என்று மேனேஜரிடம் சொன்னார். "தங்கச்சி, பிடி கீழ, கீழ. ஆ, அப்படி. எல்லாரும் ஒண்ணா மூச்சு விடணும்."

அண்ணன் நாற்காலியின் கீழ்ப்பக்கம், நானும் மேனேஜரும் மேல்பக்கம். ஒவ்வொரு படியாக இறங்கினோம். எட்டாம் மாடித் திருப்பத்தில் நாற்காலி சுவரில் இடித்தபோது, ஐயா அசையாமல், "பால்குடம்னு நெனச்சுக்கங்க. தளும்பக் கூடாது," என்றார். மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு "முருகா, முருகா" என்றார்.

"அவரக் கூப்புடாதீங்க தம்பி," என்றார் ஐயா. "அவரு மலையிலேருந்து எறங்கி வரணும். பாவம், அங்கயும் படிதான்."

அண்ணன் சிரித்ததில் நாற்காலியே குலுங்கியது. நாங்கள் எல்லாரும் ஆறாம் மாடியில் அதைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தோம். மேனேஜரும் சிரித்தார். விரதத்தில் சிரிக்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை போலும்.

ஆறு நாற்பதுக்குத் தரைக்கு வந்தோம். வேன் காத்திருந்தது. அந்த அம்மா நோட்டைத் திறந்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். மேனேஜருக்குத் திடீரென்று உயிர் வந்தது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு, ஐயாவின் தோளில் கைபோட்டு, ரொட்டிச்சானாய்க் கடைக்காரரிடம் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். மூன்று படம் எடுத்தார்கள்.

"பதினொண்ணரைக்கு முடிஞ்சிரும். பன்னண்டு மணிக்குள்ள வந்துருவோம்," என்றார் அந்த அம்மா.

"வாங்கம்மா, வாங்க, நல்லபடியா போய்ட்டு வாங்க," என்றார் மேனேஜர்.

"வந்து?"

இறக்குவதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தோம். ஏற்றுவதைப் பற்றி எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் யோசனை வரவில்லை.

அந்த அம்மா நோட்டைப் பார்த்தார். "'எறங்குவாரா'ன்னுதான் நான் கேட்டிருக்கேன். 'எறங்குவாரு'ன்னு தங்கச்சி சொல்லியிருக்காங்க. ஏறுறதப் பத்தி இதுல ஒண்ணும் இல்ல. அதனால உங்க மேல குத்தமும் இல்ல." குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. எழுதியிருந்ததைப் படித்தார், அவ்வளவுதான்.

வேன் போன பிறகு மேனேஜர் தலையை அண்ணாந்து பதினோராம் மாடியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். மாடிகளை எண்ணுகிறார் என்று உதட்டசைவில் தெரிந்தது. பிறகு அண்ணனிடம், "போர்டு கையில இருந்தா மாட்ட எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டார்.

"ரெண்டு மணி நேரம்."

அண்ணன் ஒரு நேரத்தைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எரிந்த போர்டை அவர் ஏற்கெனவே திறந்து பார்த்துவிட்டார்.

மேனேஜர் போனோடு கொஞ்சம் தள்ளிப் போய், அந்த ஹோட்டல் இஞ்சினியரிடம் பேசினார். நாற்காலி வாரை அவிழ்ப்பதுபோல நாங்கள் பாவனை செய்துகொண்டிருந்தோம். திரும்பி வந்தபோது அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"எடுத்துக்கச் சொல்றான்," என்றார். "'எந்த போர்டு?'ன்னு கேக்குறான். அப்படி ஒண்ணு இருக்கறதே அவனுக்கு ஞாபகம் இல்ல."

ஏழரைக்கு போர்டு வந்தது, பத்துக்கு முன்பே லிஃப்ட் ஓடியது. நான் அலுவலகம் போய் மேஜையில் உட்கார்ந்தேன், கைகள் இரண்டும் தூக்க முடியாமல் கனத்தன. பன்னிரண்டு மணிக்கு மேல் போன் அடித்தது.

"பன்னண்டு அஞ்சுக்கு ஏறிட்டாரு," என்றார் அந்த அம்மா. "சொல்லணும்னு தோணுச்சு."

லிஃப்ட் ஓடுகிறது என்று சொல்வதற்காக ஒருவர் என்னைக் கூப்பிட்டது இந்த ஒன்பது வருஷத்தில் அந்த ஒரு தடவைதான்.

இனிக் கம்பெனியில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். மேனேஜர் கோலாலம்பூர் தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்பினார், படத்தோடு. வாடிக்கையாளருக்காகப் பதினோரு மாடி ஏறிய மேலாளர் என்று கம்பெனிச் செய்தி மடலில் முதல் பக்கத்தில் போட்டார்கள். படத்தில் என் முழங்கை நன்றாகத் தெரிந்தது. அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார். அந்த அரையாண்டுக் கேடயம் மேனேஜருக்கு. ஏற்புரையில் கமிட்மெண்ட் பற்றிப் பேசி, உண்மையாகவே அழுதார். "அந்த நாலு நாளும் போர்டு கீழ ஸ்டோர்லதான் இருந்துச்சு," என்று அண்ணன் என் காதில் சொன்னார். அதைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

எனக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தனிப்பட்ட முறையில் வாக்குறுதி தரக்கூடாது, கம்பெனியின் பெயரில் மட்டுமே தர வேண்டும் என்று இருந்தது. கம்பெனி பெயரில் கொடுத்தால் யாரும் காப்பாற்ற வேண்டியதில்லை என்பதை அவ்வளவு மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் அட்டவணையைப் பார்த்தே பேச ஆரம்பித்தேன். இன்றைக்கு ஆள் இல்லை என்றால் இல்லை என்றேன். தெரியாது என்றால் தெரியாது என்றேன். எல்லாரும் மகிழ்ந்துபோய் என்னை வாழ்த்தினார்கள் என்று நினைத்தால் தப்பு. முதல் மாதத்திலேயே என்மேல் ஏழு புகார். போன் எடுக்கும் பெண் நம்பிக்கை தருவதில்லை, உதவி செய்ய மனம் இல்லாதவர், முகத்தில் அடித்தாற்போல உண்மை பேசுகிறார். குளுகோர் பக்கத்து ஐயா ஒருவர், நான் வியாழக்கிழமைதான் ஆள் வரும் என்றதும் சலித்துக்கொண்டார்.

"முன்ன ஒரு மிஸ் இருந்தாங்க. நல்லா பேசுவாங்க, பிள்ளைங்களையெல்லாம் விசாரிப்பாங்க. அவங்கள்ட்ட குடும்மா."

"அவங்க இப்ப இல்லீங்க," என்றேன். அது பொய்யா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சிலர் மட்டும் மெல்லப் பழகினார்கள். வியாழக்கிழமை என்றால் புதன் வரை கூப்பிடாமல் இருந்தார்கள். பசாருக்குப் போனார்கள், உறவினர் வீட்டில் தங்கினார்கள். புகார் கொடுத்தவர்களும் அப்படித் திட்டமிட்டுக்கொண்டிருக்கலாம். அதற்கெல்லாம் யாரும் கணக்கு வைப்பதில்லை.

தைப்பூசம் முடிந்து, மொட்டைத் தலையும் சந்தனமுமாக மேனேஜர் என் வருடாந்திர மதிப்பீட்டுக்கு உட்கார்ந்தார். நம்பிக்கையூட்டுதலில் ஐந்திலிருந்து இரண்டுக்கு இறங்கியிருந்தேன். வருத்தத்தோடுதான் போட்டார்.

"வார்த்தை காப்பாத்துறதுக்கு இதுல கட்டம் இல்லயா பாஸ்?" என்று கேட்டேன்.

அவர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். உண்மையாகவே தேடினார். "இல்லையேம்மா," என்றார், தனக்கே ஆச்சரியமாக. கடைசிப் பக்கத்தின் அடியில் 'இதர குறிப்புகள்' என்று ஒரு வரி இருந்தது. இத்தனை வருஷமும் அதில் யாரும் எதுவும் எழுதியதில்லை. பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்துவிட்டு, ஏதோ எழுதிப் படிவத்தை என் பக்கம் திருப்பினார்.

'தேவைப்பட்டால் மாடி ஏறுவார்.'

நான் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து அண்ணனிடம் சொன்னேன். அவர் கிரீஸ் படிந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "நல்லாத்தானே எழுதியிருக்காரு," என்றார். "எனக்கு இந்த வருசமும் ஒண்ணுதான்."